புகையில்லா வளாகம்: பலகை மட்டும் போதுமா?

எங்கள் தங்கும் விடுதியில் மாடிப்படி திரும்பும் இடத்திலெல்லாம் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். சிவப்பு வட்டம், நடுவில் ஒரு சிகரெட், குறுக்கே ஒரு கோடு. கீழே ‘டிலாராங் மெரோக்கோக்’ என்ற எழுத்து. மூன்றாம் மாடியில் அந்தப் பலகைக்கு நேர் கீழே ஒரு பழைய மைலோ டின் இருக்கும். அதில்தான் சாம்பலைத் தட்டுவார்கள். துப்புரவு செய்யும் அக்கா அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார். இரண்டு நாளில் இன்னொரு டின் அதே இடத்துக்கு வந்துவிடும்.

நான் ஜொகூரில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு மாணவன். எனக்குப் புகைப்பழக்கம் இல்லை. ஆகவே அந்தப் பலகைக்கும் டின்னுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றே முதலாண்டு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு தவறு என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. உயர்கல்விக்கூடங்களில் இருப்பவர்கள் மட்டுமின்றி, படிவம் நான்கு, ஐந்து, ஆறில் படிக்கும் தம்பி தங்கைகளும் இதைப் படிக்க வேண்டும். அடுத்து இந்தப் படிகளில் ஏறப்போகிறவர்கள் நீங்கள்தாம்.

மாம்பழ வாசனை

முதலாண்டின் இரண்டாம் பருவத்தில் எனக்கு ஓர் அறைத்தோழன் வாய்த்தான். நல்லவன். கணிதத்தில் நான் திணறியபோது இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவன். காய்ச்சலில் படுத்தபோது மோட்டார் சைக்கிளில் போய்க் கஞ்சி வாங்கி வந்தவன்.

அவனிடம் ஒரு வேப் இருந்தது. தடித்த மார்க்கர் பேனா அளவுதான் இருக்கும். இரவில் ஜன்னலைச் சாத்தி, கதவின் அடியில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு இழுப்பான். வாசனை வெளியே போனால் விடுதிக் காப்பாளருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? வெளியே போகாத வாசனை வேறெங்கே போகும்? என் தலையணைக்குத்தான் வந்தது. ஒரு பருவம் முழுவதும் நான் மாம்பழ வாசனையில் தூங்கினேன்.

ஓர் இரவு இருமல் தாங்காமல் எழுந்து உட்கார்ந்தேன். “இது பொகை இல்லடா, வெறும் ஆவி. உனக்கு ஒன்னும் ஆகாது” என்றான். நான் பதில் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஏன் பேசவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். முறையிட்டால் அவனை விடுதியிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. காட்டிக் கொடுத்தவன் என்று மாடி முழுவதும் பேசுவார்களே என்ற கூச்சம் இன்னொன்று. இரண்டையும் விடப் பெரிய காரணம், அவன் சொன்னதை நானும் பாதி நம்பினேன். ஆவிதானே என்று.

அது ஆவி இல்லை. வேப் திரவத்தில் புரோப்பிலீன் கிளைகோல், கிளிசரின், சுவையூட்டி, பெரும்பாலும் நிக்கோட்டின் ஆகியவை இருக்கின்றன. கம்பிச்சுருள் அதைச் சூடாக்கும்போது மிக நுண்ணிய துளிகள் உருவாகி நுரையீரலின் ஆழம் வரை போகின்றன. அந்தச் சூட்டில் ஃபார்மால்டிஹைட், அக்ரோலீன் போன்ற இரசாயனங்களும் உண்டாகக்கூடும். குக்கரிலிருந்து வரும் ஆவியோடு இதை ஒப்பிடுவது விற்பவருக்கு வசதியான பேச்சு.

வேலி முடியும் இடம்

அவன் எப்போது தொடங்கினான் தெரியுமா? 2023ஆம் ஆண்டு. எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், சிலாங்கூரில் மாமா வீட்டில் தங்கிப் பகுதி நேர வேலை பார்த்தபோது. அப்போது அவனுக்கு வயது 17. கடையில் யாரும் அடையாள அட்டையைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அன்று சட்டமும் சொல்லவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2023 மார்ச் 31ஆம் நாள், 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டிலிருந்து வேப் திரவத்தில் உள்ள நிக்கோட்டினுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மறுநாள் முதல் ஒரு மில்லிலிட்டருக்கு 40 சென் கலால் வரி வந்தது. வரி வந்தது, வயது வரம்பு வரவில்லை. பொதுச் சுகாதாரத்துக்கான புகைத்தல் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 852, 2024 அக்டோபர் 1ஆம் நாள்தான் நடப்புக்கு வந்தது. இடையில் பதினெட்டு மாதங்கள். ஜொகூரில் நிலைமை வேறு. அந்நாளில் ஜொகூர் சுல்தானாக ஆட்சியில் இருந்து, இன்று மாமன்னராகவும் இருக்கும் மாட்சிமை தங்கிய சுல்தான் இப்ராஹிம் 2015இல் இட்ட ஆணையின்படி, 2016 ஜனவரி 1 முதல் இங்கே வேப் கடைகளுக்கு இடமில்லை. ஆனால் வேப் சட்டைப்பையில் அடங்கும் பொருள். மாநில எல்லையில் யார் அதைச் சோதிக்கப்போகிறார்கள்?

இப்போது சட்டம் 852 இருக்கிறது. 18 வயதுக்குக் கீழானவர்களுக்குச் சிகரெட்டோ வேப்போ விற்கக் கூடாது. அவர்கள் புகைக்கவும் கூடாது. நல்ல சட்டம். ஆனால் நாம் எந்த வயதில் பல்கலைக்கழகத்துக்கு வருகிறோம்? 18, 19, 20. சட்டம் போட்ட வயது வேலி எங்கே முடிகிறதோ, சரியாக அந்த இடத்தில்தான் நமது வளாகத்தின் வாசல் திறக்கிறது. வீட்டைவிட்டு முதன்முறையாக வெளியே வந்திருக்கிறோம். கையில் கடனுதவிப் பணம் இருக்கிறது. பக்கத்தில் அம்மா இல்லை. புது நண்பர்களிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. கடைக்காரர் அடையாள அட்டையைப் பார்த்தாலும் இனித் தாராளமாக விற்கலாம்.

இதற்கும் ஒரு வேலி போட 2022இல் ஒரு முயற்சி நடந்தது. 2007 ஜனவரி 1ஆம் நாளும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் புகைத்தல் பொருள்களை விற்கக் கூடாது என்ற விதியுடன் ஒரு சட்ட மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் கொண்டு வந்தது. 2023 நவம்பர் இறுதியில் மக்களவை நிறைவேற்றிய மசோதாவில் அந்த விதி இல்லை. பிறந்த ஆண்டைக் கொண்டு மக்களைப் பிரிப்பது, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று கூறும் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதிக்கு முரணாகலாம் என்று சட்டத்துறைத் தலைவர் தரப்பில் காரணம் சொல்லப்பட்டது.

என் தம்பி 2007இல் பிறந்தவன். இப்போது மெட்ரிகுலேஷன் படிக்கிறான். அடுத்து ஏதாவதொரு பல்கலைக்கழகத்துக்கு வருவான். அந்த விதி நிலைத்திருந்தால் அவனுக்குக் காலமெல்லாம் ஒரு வேலி இருந்திருக்கும். அது இல்லாத இடத்தில் இப்போது அவனுக்கு மிச்சமிருப்பது வளாகத்தின் விதிதான். அந்த விதியோ எங்கள் மூன்றாம் மாடியில் ஒரு டின்னுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜொகூர்க்காரர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். ஜொகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸ் வரை கடற்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்தப் பக்கம் சிகரெட் வாங்கும் குறைந்தபட்ச வயது 2019 முதல் படிப்படியாக உயர்ந்து, 2021 ஜனவரி 1ஆம் நாள் 21 ஆனது. வேப்பை அங்கே 2018 பிப்ரவரியிலிருந்து வைத்திருப்பதே குற்றம். ஆக, 19 வயது மாணவன் ஒருவனுக்கு அங்கே கிடைக்கக் கூடாத சிகரெட் பெட்டி, இங்கே வேலை முடிந்து திரும்பும் வழியில் கடையில் கிடைக்கும். அவனது மூளை மட்டும் இரண்டு கரையிலும் ஒரே வேகத்தில்தான் வளர்கிறது.

அந்த வளர்ச்சி ஏறக்குறைய 25 வயது வரை தொடர்கிறது. திட்டமிடுவதற்கும், அவசரத்தை அடக்குவதற்கும் உதவும் முன்மூளைப் பகுதி கடைசியாகத்தான் முதிர்கிறது. இழுத்த பத்து, இருபது விநாடிக்குள் நிக்கோட்டின் மூளையை எட்டி டோபமைனைச் சுரக்க வைக்கிறது. சில மணி நேரத்தில் அளவு குறைகிறது. உடனே எரிச்சல், கவனச்சிதறல், அமைதியின்மை. மறுபடி இழுத்தால் அடங்குகிறது. “டென்ஷன் குறையுது” என்று நண்பர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்த டென்ஷனில் ஒரு பகுதியை முதலில் கொண்டு வந்ததே முந்தைய இழுப்புதான்.

வேப் பாதுகாப்பானது என்று வாதிடுவோர் ஒன்றைச் சொல்வார்கள்: பிரிட்டனில் சிகரெட்டை விட முயலும் பெரியவர்களுக்கு மருத்துவர்களே வேப்பைப் பரிந்துரைக்கிறார்களே என்று. உண்மைதான். பல ஆண்டுகள் சிகரெட் புகைத்தவர் அதைவிடக் குறைந்த தீங்குக்கு இறங்கி வர அது ஒரு படி. என் அறைத்தோழன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அவன் எந்தப் படியிலிருந்தும் இறங்கவில்லை, ஏறினான்.

நமது நாட்டுப் பிள்ளைகள் நிறைய பேர் இப்படித்தான் ஏறியிருக்கிறார்கள். 13 முதல் 17 வயது மாணவர்களிடையே சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வின்படி, சிகரெட் புகைப்போர் 2017இல் 13.8 விழுக்காடு; 2022இல் 6.2 விழுக்காடாகக் குறைந்தார்கள். அதே காலத்தில் வேப் பயன்படுத்துவோர் 9.8 விழுக்காட்டிலிருந்து 14.9 விழுக்காடாக உயர்ந்தார்கள். முதல் கணக்கை மட்டும் பார்த்தால் கைதட்டத் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கதவை மூடி ஜன்னலைத் திறந்துவிட்டோம் என்பது புரியும். அந்த ஆய்வில் பதில் எழுதிய பிள்ளைகளில் மூத்தவர்கள் இன்று நம் விரிவுரை மண்டபங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. குப்பியில் என்ன இருக்கிறது என்பது இழுப்பவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் 2019இல் வேப் தொடர்பான நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ போனார்கள். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலான சம்பவங்களுக்குக் கஞ்சாச் சத்துள்ள திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் காரணம் எனக் கண்டறிந்தார்கள். சிங்கப்பூரில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தை வேப்பில் கலந்து விற்றார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் அந்நாடு அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. எல்லா வேப்பிலும் இவை இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. கைமாறி வரும் குப்பியில் இல்லை என்று யார் உறுதி கொடுப்பார்கள்?

மாமாக் கடை கற்றுக் கொடுத்த பாடம்

“பழகிப்போன கூட்டம், மாற்ற முடியாது” என்பார்கள். மாற்ற முடியும் என்பதற்கு நம் கண்முன்னே சாட்சி இருக்கிறது. நான் ஆரம்பப்பள்ளியில் படித்த காலத்தில் மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டால் பக்கத்து மேசைப் புகை தே தாரேக்கில் கலக்கும். 2019 ஜனவரி 1 முதல் எல்லா உணவகங்களிலும் புகைக்கத் தடை வந்தது. மேசையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போக வேண்டும். முதலாண்டு முழுவதும் எச்சரிக்கையும் விளக்கமும் மட்டுமே. 2020 ஜனவரி 1 முதல்தான் அபராதம். புகைக்கும் உரிமை பறிபோகிறது என்று ஏழு பேர் நீதிமன்றம் போனார்கள். 2019 அக்டோபரில் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இன்று மாமாக் கடையில் யாராவது சிகரெட்டைப் பற்றவைத்தால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தத் திரும்பிப் பார்த்தல்தான் மாற்றம்.

வளாகங்களுக்கான தடை அதைவிடப் பழையது. கல்விக்கூடங்களிலும் உயர்கல்விக்கூடங்களிலும் புகைக்கக் கூடாது என்று 2004ஆம் ஆண்டு புகையிலைக் கட்டுப்பாட்டு விதிகளே சொல்லிவிட்டன. அப்படியிருந்தும் வளாகத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானே சுவர்ப்பக்கம் அல்லவா திரும்பிப் படுத்தேன்?

வளாகத் தடையால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு பதில் கிடைக்கிறது. இண்டியானா பல்கலைக்கழகம் 2008இல் தன் வளாகம் முழுவதையும் புகையற்றதாக்கியது. அதே மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் அப்போது அப்படி முழுத் தடை இல்லை. ஆய்வாளர்கள் இரண்டிலும் 2007லும் 2009லும் மாணவர்களிடம் கேட்டார்கள். தடை இருந்த இடத்தில் புகைப்போர் 16.5 விழுக்காட்டிலிருந்து 12.8 விழுக்காடாகக் குறைந்தார்கள். தடை இல்லாத இடத்தில் 9.5 விழுக்காடு 10.1 ஆனது. பெரிய அதிசயம் எதுவும் நிகழவில்லை. ஆனால் நூறு பேரில் மூன்று நான்கு பேர் என்றால் எங்கள் விடுதியின் ஒரே மாடியில் ஓர் அறை முழுவதும் அடங்கும் எண்ணிக்கை.

கிளினிக் கதவு

தேர்வுக்கு முந்தைய படிப்பு வாரத்தில் என் அறைத்தோழன் வேப்பை விட முயன்றான். யார் சொல்லியும் அல்ல, பணம் போதவில்லை. முதல் நாள் சமாளித்தான். இரண்டாம் நாள் புத்தகத்தை வீசினான். மூன்றாம் நாள் இரவு மாம்பழ வாசனை திரும்பி வந்தது. நிக்கோட்டினை விடும்போது முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகக் கடினம் என்பதும், மூன்று நான்கு வாரத்தில் தணியும் என்பதும் அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தனக்கு மனவுறுதி இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டான்.

அன்றிரவு அவன் கேட்ட கேள்வியை நான் மறக்க மாட்டேன். “கிளினிக்குக்குப் போனா என் பேரு விடுதி ஆபீசுக்குப் போயிடுமா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வளாகத்தில் எந்தப் பலகையிலும் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. என்ன செய்யக் கூடாது, செய்தால் எவ்வளவு அபராதம் என்று எழுதியிருந்தது. விட நினைப்பவன் எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவும் சேவை இருக்கிறது. சுகாதார அமைச்சின் எம்குவிட் திட்டமும் அதற்காகவே உள்ளது. இதைத் தேடிக் கண்டுபிடித்து, தேர்வு முடிந்த மறுநாள் இருவரும் அவன் மோட்டார் சைக்கிளில் பட்டணத்துக் கிளினிக்குக்குப் போனோம். தாதி திட்டவில்லை. ஏன் தொடங்கினாய் என்றுகூடக் கேட்கவில்லை. “காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு?” என்று கேட்டார். “ஐந்து நிமிடம்” என்றான். எழுதிக்கொண்டார். பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை அளக்க அது ஒரு கேள்வி என்று பிறகு விளக்கினார். நிக்கோட்டின் மெல்லும் பசை, அடுத்து வர வேண்டிய நாள், ஆசை எழும்போது செய்ய வேண்டியவை என்று ஒரு தாள் கொடுத்தார்.

இப்போது சில மாதங்கள் ஆகின்றன. இடையில் ஒருமுறை சறுக்கினான். மறுபடி கிளினிக்குக்குப் போனான். “நான் ஜெயிச்சிட்டேன்னு எழுதாத. இன்னும் விட்டுக்கிட்டு இருக்கேன்னு எழுது” என்று இந்தக் கட்டுரைக்கு ஒப்புதல் தந்தபோது சொன்னான். அப்படியே எழுதிவிட்டேன்.

வளாகங்களிடம் கேட்பது

ஸ்கூடாயிலும் பாரிட் ராஜாவிலும் இஸ்கண்டார் புத்ரியிலும் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமின்றி, பாலிடெக்னிக், ஆசிரியர் பயிற்சிக் கழகம், தனியார் கல்லூரி எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஐந்து வேண்டுகோள்கள்.

முதலாவது, விதியில் வேப்பின் பெயரையும் தெளிவாக எழுதுங்கள். பலகையில் சிகரெட் படம் மட்டும் இருக்கும்வரை “இது பொகை இல்லடா” என்ற பேச்சு ஓயாது. விதி மாணவருக்கும் விரிவுரையாளருக்கும் பாதுகாவலருக்கும் ஒன்றாக இருக்கட்டும். வாகன நிறுத்துமிடத்தில் புகைக்கும் ஆசிரியரைப் பார்த்த மாணவன் விடுதியில் விதியை மதிப்பானா?

இரண்டாவது, தானாக முன்வந்து உதவி கேட்பவர்மீது ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். பிடிபட்டவருக்கு அபராதத்தோடு கிளினிக்குக்கும் வழி காட்டுங்கள். வளாக மருத்துவ மையத்தில் வாரம் ஒரு மாலை இதற்கென ஒதுக்கினாலே போதும்.

மூன்றாவது, பெயர் சொல்லிப் புகார் கொடுக்காமலே அறை மாற்றிக்கொள்ள வழி செய்யுங்கள். ஆஸ்துமா உள்ள மாணவர் தோழனைக் காட்டிக் கொடுப்பதா, மூச்சுத் திணறுவதா என்று தேர்ந்தெடுக்கும் நிலை வரக் கூடாது.

நான்காவது, நள்ளிரவில் உட்கார்ந்து பேச ஓர் இடம் கொடுங்கள். எங்கள் விடுதியில் பன்னிரண்டு மணிக்கு மேல் கூடிப் பேச மிச்சமிருக்கும் ஒரே இடம் அந்த மூன்றாம் மாடிப் படிக்கட்டுதான். பாதிப்பேர் அங்கே போவது புகைக்காக அல்ல, பேச்சுக்காக. விளக்கும் நான்கு நாற்காலியும் சுடுநீர் இயந்திரமும் உள்ள ஓர் அறை, பல அறிவிப்புப் பலகைகளுக்குச் சமம். 2015இல் கனடாவில் உருவான ஒகனாகன் சாசனம், ஆரோக்கியத்தைப் பல்கலைக்கழகத்தின் அன்றாட நடைமுறைகள் அனைத்திலும் கலக்க வேண்டும் என்கிறது. எனக்கு அதன் பொருள் இந்த அறைதான்.

ஐந்தாவது, புதிய மாணவர் அறிமுக வாரத்தில் நீண்ட சொற்பொழிவுக்குப் பதிலாக, பழக்கத்தை விட்ட ஒரு மூத்த மாணவரை அரை மணி நேரம் பேச விடுங்கள். அவர் சொன்னால் கேட்பார்கள்.

நமது பங்கு

நிர்வாகத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. தமிழ் வாசகர்களுக்குப் புகைக்கு எதிரான குரல் புதிதல்ல. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராக இருந்து 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களும், அச்சங்கத்தின் என்.வி. சுப்பாராவ் அவர்களும் புகைக்கு எதிராகப் பேசாத காலமில்லை. யாரும் கேட்காவிட்டாலும் அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நம் பல்கலைக்கழகங்களில் தமிழ்மொழிக் கழகங்களும் இந்தியர் கலாச்சாரக் கழகங்களும் இருக்கின்றன. பொங்கல் விழாவுக்கும் கலை இரவுக்கும் மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறோம். ஒத்திகை இடைவேளையில் மண்டபத்தின் பின்பக்கம் கூடும் கூட்டத்தையும் நமக்குத் தெரியும். நமது நிகழ்ச்சிகள் ஒத்திகை முதல் இறுதி நாள் வரை புகையும் வேப்பும் இல்லாதவை என்று கழகங்களே அறிவித்தால், அதற்கு எந்த நிர்வாகத்தின் அனுமதியும் தேவையில்லை.

நண்பனிடம் எப்படிப் பேசுவது? நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நுரையீரல் படத்தைக் காட்ட வேண்டாம். அம்மா அப்பாவை இழுக்க வேண்டாம். பிறர் முன்னால் கேலி செய்யவே வேண்டாம். உங்களுக்கு ஏற்படும் தொந்தரவை மட்டும் நேராகச் சொல்லுங்கள்: “எனக்கு இருமல் வருகிறது, அறைக்குள் வேண்டாம்.” பிறகு ஒரே ஒரு கேள்வி: “விட நினைச்சிருக்கியா?” ஆம் என்றால் கிளினிக்குக்குக் கூடவே போங்கள். இல்லை என்றால் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டு வையுங்கள். என் தோழனிடம் அந்த முதல் வாக்கியத்தைச் சொல்ல எனக்கு ஒரு பருவம் ஆனது. சொன்னபோது அவன் கோபப்படவில்லை. “முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றான்.

இடைநிலைப்பள்ளித் தம்பி தங்கைகளே, நீங்கள் வளாகத்துக்கு வரும் முதல் வாரத்தில் யாராவது ஒருவர் அன்போடு நீட்டுவார். எதிரி நீட்ட மாட்டார். உங்களுக்குப் பாடம் சொல்லித்தரும் நண்பர்தான் நீட்டுவார். “வேணாம்டா” என்பதை இன்றே சொல்லிப் பழகுங்கள். அந்த நண்பரை இழக்க வேண்டியதில்லை. நான் இழக்கவில்லை.

மூன்றாம் மாடியில் டின் இன்னும் இருக்கிறது. சென்ற வாரம் நானும் அறைத்தோழனும் அந்தப் பலகையின் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினோம். பட்டணத்துக் கிளினிக்கின் முகவரி, திறந்திருக்கும் நேரம், அங்கே போக எந்தப் பேருந்து என்று மூன்று வரி. இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். தாளின் ஓரத்தில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: ‘பேர் குடுக்கணுமா?’

விடுதி அலுவலகத்துக்கு எதுவும் போகாது என்று கீழே எழுதிவிட்டு வந்தேன். அதை எழுத வேண்டியவன் நானல்ல, பல்கலைக்கழகம். என் தம்பி வருவதற்குள் எழுதிவிடுவார்கள் என்று நம்புகிறேன்.